நாலு கட்டச் சூரியன்

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணம். நம் ஆட்களில் மிஞ்சியிருப்பவர்கள் நாலைந்து பேர் வந்திருந்தோம். பந்தி முடிந்ததும் மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். பேச்சு எங்கே போகும்? பழைய பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளுக்குத்தான் போனது. யார் வீடு எந்த வரிசை, எந்தக் குழாயில் வெறும் காற்று மட்டும் வரும் என்று ஆளுக்கு ஆள் சண்டை. அப்போது உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "காட்டிக்குடுத்த பாய் கடைக்குப் பக்கத்துலதானே உங்க வீடு?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்கு இப்படித்தான் தலையாட்டி வந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் குடித்த பாயசம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். வயதாகிவிட்டது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தா. அம்மா ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் பங்களாவில் ஆயாவாக இருந்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கல்யாணமாகாதவர், எங்களோடுதான் இருந்தார். அவருக்கு ரயில்வே டிராயிங் ஆபீஸில் வேலை. பாலங்களின் வரைபடங்கள் மேல் மெல்லிய தாளை விரித்து, மையால் நகல் எடுப்பார். எங்கள் வீட்டில் கோடு நேராகப் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூருக்கு ஓடிய மறுநாள் சனங்கள் பங்களாக்களுக்குள் புகுந்து அள்ளினார்கள். பக்கத்து வீட்டுக்குத் தையல் மெஷின் வந்தது. எதிர்வீட்டுக்கு ஆளுயரக் கண்ணாடி வந்தது. என் அம்மா கொண்டுவந்தது ஒரு சாக்கு நிறைய காமிக்ஸ். எஞ்சினியரின் பிள்ளைகளுக்கு வாராவாரம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. நாங்கள் அவற்றைப் பொம்மைப் பேப்பர் என்போம். "எல்லாத்தையும் விட்டுட்டு உங்கம்மா காயிதத்தத் தூக்கிட்டு வந்திருக்காளே" என்று லைன் முழுக்கச் சிரித்தது. அம்மாவுக்கு என் ஆசை தெரியும். வேலைக்கு என்னையும் அழைத்துப் போகும் நாட்களில் அந்தப் பேப்பர்களை எட்டி நின்று பார்ப்பேன், தொட விடமாட்டார்கள்.

சிரித்தவர்கள் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் இல்லை, கப்பல் இல்லை, புதிதாக எதுவும் வருவதில்லை. லைன் பிள்ளைகளுக்கெல்லாம் பொம்மைப் பேப்பர் பைத்தியம் பிடித்தது. குழாயடிதான் எங்கள் பாசார், எங்கள் சந்தை. அட்டை கலராக இருந்தால் அட்டை கிழிந்த இரண்டுக்குச் சமம். நடுவில் குத்தியிருக்கும் கம்பிப் பின் துருப்பிடிக்காமல் இருந்தால் ஒரு மரவள்ளிக் கிழங்கு கூடுதலாகக் கேட்கலாம். நான் கெட்டிக்காரி. ஒரு துண்டுச் சோப்பும், அரைச் சிரட்டை தேங்காய் எண்ணெயும், ஒரு தடவை ஒரு உயிருள்ள கோழிக்குஞ்சும் வாங்கிவந்தேன். அம்மா குஞ்சைப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவினார்.

ஆனால் இங்கிலீஷ் எழுத்து வீட்டில் இருப்பதே ஆபத்து. ரேடியோ வைத்திருந்த ஒருவரைக் கூட்டிப் போய், திரும்ப அனுப்பியபோது அவருக்கு நகங்கள் இல்லை. பொம்மைப் பேப்பருக்கு என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பெரிய பயம். அம்மா அவற்றை அரிசி டின்னுக்குள் வைத்தார். அரிசி இல்லாத டின். சோதனை போட வருபவன் திறந்து பார்த்தால் மேலே கொஞ்சம் காய்ந்த மரவள்ளி சீவல் தெரியும். சிப்பாய்களின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய் அந்த டின் மேல் உட்கார்ந்துகொள்வேன். பலமுறை பாவாடையை நனைத்திருக்கிறேன், சொல்ல வெட்கமில்லை.

விற்றது போக நான் யாருக்கும் கொடுக்காமல் சேர்த்தது ஒரே ஒரு தொடர்கதை. குண்டான கப்பல் சமையல்காரர் ஒருவரும் அவர் வளர்க்கும் ஆடும். சித்தப்பா இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்வார். கடைசியாக வந்த பேப்பரில் இரண்டு பேரும் நடுக்கடலில் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள், கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரத்துப் பேப்பர் என்னிடம் இல்லை. எப்படி விழுந்தார்கள் என்று தெரியாது. ஆடுதான் முட்டித் தள்ளியிருக்கும் என்று குழாயடியில் எல்லாரும் முடிவு செய்திருந்தோம்.

"அப்புறம் என்ன சித்தப்பா?" என்று தினமும் அரித்தேன். ஆபீஸை மூடிவிட்டிருந்தார்கள், அவருக்கு வேலை இல்லை. வேலையில்லாத ஆளைத் தெருவில் கண்டால் லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர் வீட்டை விட்டு வெளியே தலைகாட்ட மாட்டார். ஒருநாள் ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய தாள்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கட்டம் போட்டார். சமையல்காரரும் ஆடும் ஒரு பீப்பாயைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். மறுவாரம் ஒரு தீவு வந்தது. அதில் மரவள்ளி மட்டும் விளைந்தது. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

சித்தப்பா கையால் போட்ட தாளுக்குக் குழாயடியில் அச்சடித்த பேப்பரைவிட மதிப்பு. ஒரு தாளுக்கு மூன்று பேப்பர் கொடுத்தார்கள். படம் போட்டவர் யார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கிழிந்துபோனவை, யாரும் சீந்தாதவை எல்லாம் பாய் கடைக்குப் போகும். பாய் நாகூர்ப் பக்கத்துக்காரர், லைன் முனையில் மளிகைக் கடை. பொட்டலம் கட்டத் தாள் கிடைக்காத காலம். ஒரு கட்டுத் தாள் கொடுத்தால் ஒரு கை உப்போ, ஒரு துண்டு கருவாடோ கொடுப்பார். நான் கொண்டுபோகும் பேப்பர்களைக் கட்டிவைப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார். பின் அட்டையிலிருந்துதான் புரட்டுவார். அவர் ஓதும் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து திறப்பது, கைக்கு அந்தப் பழக்கம்.

"பாய், தலைகீழாப் பாக்கறீங்க" என்று நான் சிரிப்பேன்.

"போ புள்ள. கடைசிலேருந்து பாத்தா பயமே இல்ல. மொதல்ல விழுறான், அப்புறம் எந்திரிச்சி நிக்கிறான். நீ பாக்கறதுதான் தலைகீழு."

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அரிசி கொடுப்பதாகக் கேள்விப்பட்டு சித்தப்பா ஒருநாள் வெளியே போனார். முச்சந்தியில் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் வைத்தார், ஆனால் போதுமான அளவு குனியவில்லையாம். கன்னத்தில் அறைந்து, தலைக்கு மேல் ஒரு பாறாங்கல்லைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெயிலில் நிறுத்தினான். அப்பா எட்ட நின்று பார்த்துவிட்டு, கிட்டே போகப் பயந்து, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தி சாய்ந்ததும் சிப்பாய் சித்தப்பாவை விட்டுவிட்டான். மறுநாள் அவரால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் தாளை எடுத்தார்.

ஒரே வரிசையில் நாலு கட்டம். எழுத்து கிடையாது. முதல் கட்டத்தில் கடற்கரையில் ஒரு மனுசன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான், எதிரே கடலுக்கு மேலே சிவப்பு மையில் வட்டமாகச் சூரியன். இரண்டாவதில் சூரியன் இறங்குகிறது. மூன்றாவதில் பாதி கடலுக்குள். நாலாவதில் இருட்டு. அந்த மனுசன் எழுந்து நின்று இரண்டு கையும் எடுத்துக் கும்பிடுகிறான்.

அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னடா இது?"

"சாயங்காலம்ண்ணே" என்றார் சித்தப்பா.

சிவப்பு வட்டம் யாருடைய கொடி என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அது முழுகினால் கும்பிடுகிறவன் யார் என்றும் தெரியும். "எரிச்சிரு" என்றார் அப்பா. சித்தப்பா எரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "இத யாருக்கும் மாத்தக் கூடாது. டின்னுக்கு அடியில வை. என் உசிரு இதுல இருக்கு" என்றார். நான் சரி என்றேன்.

பத்து நாள் தாங்கினேன். எங்கள் வரிசையில் ரயில் கார்டு ஒருவர் இருந்தார். அவர் மகளிடம் அந்தக் காணாமற்போன வாரம் இருந்தது. அட்டையோடு, கலரோடு. நான் சோப்பு கொடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். மூன்று தாள் என்றேன், ம்ஹூம். ஒருநாள் பெருமைக்கு டின்னைத் திறந்து காட்டினேன். அடித்தாளை அவள் கண் பிடித்துவிட்டது.

"அந்தச் சூரியன் படத்தக் குடு. இல்லன்னா போ லா, மேல் வரிசைப் பொண்ணுக்கு மாத்திக்கிறேன்."

கொடுத்தேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை, அடிக்கவில்லை. வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்த இடம் நிரம்பினால் போதும் என்று இருந்தது. அந்தப் பேப்பரை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து பிரித்தேன். ஆடு முட்டவில்லை. ஆடு வழுக்கி விழுந்தது. சமையல்காரர் அதைக் காப்பாற்றத் தானாகவே குதித்திருந்தார்.

கார்டு மகள் படத்தைப் படுக்கைப் பாய்க்கு அடியில் ஒளித்துவைத்தாளாம். அவள் அம்மா வீட்டில் கிடந்த தாள்களோடு அதையும் சேர்த்துக் கட்டி, பாய் கடையில் கொடுத்து உப்பு வாங்கிவிட்டார். அவள் அழுதுகொண்டே வந்து சொன்னாள். கடைக்கு ஓடினேன். வழியிலேயே பார்த்துவிட்டேன். பாய் முன்னால் நடந்து வருகிறார். பின்னால் வாள் தொங்கும் ஒரு ஆபீசர், துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். ஆபீசர் கையில் அந்தப் படத் தாள், கருவாட்டுப் பொட்டலம் கட்டி எண்ணெய் ஊறியிருந்தது.

பின்வாசல் வழியாக வீட்டுக்குள் புகுந்து டின் மேல் உட்கார்ந்தேன். கதவு இடுக்கில் முன்னறை தெரிந்தது. அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் இடுப்பு ஒடியக் குனிந்திருந்தார்கள். நிமிரச் சொல்லும்வரை நிமிரக் கூடாது. அதனால் அவர்கள் தரையைத்தான் பார்த்தார்கள். நான் மட்டும் மேசையைப் பார்த்தேன்.

ஆபீசர் தாளைக் குப்புறப் போட்டார். பின்பக்கத்தில் ரயில்வே டிராயிங் ஆபீஸின் வட்ட முத்திரை. அதில் விரலால் தட்டி, சித்தப்பாவைக் காட்டினார். முத்திரையை வைத்துத்தான் ஆளைப் பிடித்திருக்கிறார்கள். பாயைக் கூட்டிவந்தது மலாய் பேசுவதற்கு. பிறகு தாளைத் திருப்பி, ஜப்பான் வாடை அடிக்கும் மலாயில் என்னவோ கேட்டார். இது என்ன என்றுதான் கேட்டிருப்பார்.

சித்தப்பா குனிந்தபடியே இருந்தார்.

பாய்தான் முன்னால் வந்தார். விரலை நீட்டி, கடைசிக் கட்டத்தில், அந்த இருட்டில் வைத்தார். மலாயில் மெதுவாகச் சொன்னார். முதலில் இருட்டு, துவான். இந்த ஆள் நின்று கும்பிடுகிறான். விரல் இடப்பக்கம் நகர்ந்தது. சூரியன் வருகிறது. இன்னும் நகர்ந்தது. ஏறுகிறது. "மாத்தாஹரி நாயிக், துவான்." சூரியன் ஏறுகிறது, ஐயா என்று அர்த்தம். விரல் முதல் கட்டத்துக்கு வந்து, உச்சிச் சூரியன் மேல் நின்றது.

ஆபீசர் குனிந்து, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நாயிக்" என்று தனக்குத்தானே சொன்னார். சித்தப்பாவின் தோளைத் தட்டி நிமிரச் சொன்னார்.

கடைக்கு எதிரே இருந்த ரயில்வே கிடங்குச் சுவரில் அதே படத்தைப் பெரிதாக எழுதவேண்டும். அதுதான் உத்தரவு. பெயிண்டும் கொடுத்தார்கள், கொஞ்சம் அரிசியும் கொடுத்தார்கள்.

அவர்கள் போனதும் அப்பா தரையிலேயே சரிந்து உட்கார்ந்தார். "பாய் முன்னால வழி காட்டிக்கிட்டு வந்தான் பாத்தியா. நம்மகிட்டேயே பேப்பர் வாங்கிட்டு" என்றார். அம்மா, "இனிமே அந்தக் கடை வாசல மிதிக்கக் கூடாது" என்றார். சித்தப்பா, "படம் அவன் கையில எப்படிப் போச்சு?" என்று கேட்டார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் நிமிரவில்லை.

குனிந்திருந்தவர்களுக்குப் பாய் படத்தைப் பற்றி ஆபீசரிடம் என்னவோ சொன்னது மட்டும்தான் தெரியும், விரல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியாது. விரலைப் பற்றிச் சொன்னால், படம் எப்படிப் போனது என்றும் சொல்லவேண்டிவரும். வாயை மூடிக்கொண்டேன். டின்னிலிருந்து பாயே திருடிவிட்டதாக அவர்களாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். இரண்டே நாளில் லைன் முழுக்க அந்தப் பேர் வந்துவிட்டது. காட்டிக்கொடுத்த பாய்.

சுவர்ப் படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சித்தப்பா நாலு கட்டத்தையும் அதே வரிசையில்தான் எழுதினார். வேலைக்குப் போகிற நம் சனம் இடப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே நடக்கும். சூரியன் இறங்கும், முழுகும், ஆள் கும்பிடுவான். ஒரு கிழவர் பார்த்துவிட்டு லேசாகச் செருமினார், நடந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிப்பாய்கள் வலப்பக்கத்திலிருந்து பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். அம்மாவுக்கு அந்த ஒன்றரை வருஷமும் சரியாகச் சோறு இறங்கவில்லை. "ஒருத்தன் வாயத் தொறந்தா போதும், நாம எல்லாரும் போயிருவோம்" என்பார்.

அப்போது எங்களை நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் மொழி, வகுப்புக்கு அனுப்பினார்கள். வாத்தியார் கொடுத்த படப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து திறந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பாய் கடை அந்தச் சுவருக்கு நேர் எதிரே. அவர் காலையிலிருந்து மாலைவரை அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். காட்டிக்கொடுக்க நினைத்தால் ஒரு வார்த்தை போதும், இந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள் என்று. அவர் சொல்லவில்லை. நம் பெரியவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தெரிந்த எனக்கோ வாய் இல்லை.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் இன்னும் திரும்பி வரவில்லை. அந்தச் சில வாரங்களில் கேட்பாரில்லை, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்று தேடித் தேடி அடித்தார்கள். ஒரு மத்தியானம் கூட்டம் பாய் கடைக்கு வந்தது. கையில் கட்டைகள். கார்டு முன்னால் நின்றார். அப்பாவும் நின்றார். சித்தப்பா குளிர்க்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். பாயை இழுத்துவந்து அந்தச் சுவரில் சாய்த்தார்கள். தொப்பி கீழே விழுந்தது.

"நீதானே சொன்னே?" என்று கார்டு கேட்டார்.

பாய் சுற்றிப் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தது அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. என் முகத்தையே பார்த்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். கார்டு மகள் என் கையைப் பிடித்திருந்தாள், அவள் நகம் என் தோலில் பதிந்திருந்தது. அவளும் பேசவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததும் பாய் கண்ணை எடுத்துக்கொண்டார். "படத்தப் பத்தி நான்தாங்க சொன்னேன். ஆனா நான் சொன்னது..." என்றார்.

"பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்" என்று யாரோ கத்தினார்கள். மிச்சத்தை அவர் சொல்லவே இல்லை. முதல் அடி அவருடைய வலது கையில் விழுந்தது.

அவர் சாகவில்லை. கையைத் துணியில் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு மாட்டுவண்டியில் கிள்ளானுக்குப் போனார். கப்பல் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. சித்தப்பா காய்ச்சலிலிருந்து எழுந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஒரு கோடுகூட வரையவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

அந்தப் பேப்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பின் துருப்பிடித்து நடுவில் பழுப்பாகக் கறை. சுபாங் ஜெயாவில் பழைய காமிக்ஸ் வாங்கி விற்கும் ஒரு பையன் அதைக் கண்ணாடித் தாளுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, "அட்டையோட இருக்கே ஆன்டி, நல்ல விலை போகும். கையால வரைஞ்ச ஒரிஜினல் ஏதாச்சும் இருந்தா இன்னும் நல்லது" என்றான். ஒரு ஒரிஜினல் இருந்தது, மாற்றிவிட்டேன் என்றேன். எதுக்கு மாத்தினீங்க என்றான். இதுக்குத்தான் என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

உங்களில் சிலருக்கு அந்தப் பாயின் உறவுக்காரர்கள் யாரையாவது தெரிந்திருக்கலாம். தெரிந்தால் இதைக் காட்டுங்கள். தெரியாவிட்டால், அடுத்த கல்யாணத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். என் வீடு எங்கே இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பாய் கடை எங்கே இருந்தது என்று கேளுங்கள். நான் சொல்கிறேன். காட்டிக்கொடுத்தவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.